அரை டிக்கெட் வாங்கிய நாற்காலி

மகளிர் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நாற்காலி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தன் அறையை விட்டு நடந்து வெளியேறி, கணக்குப் பேராசிரியையின் வீட்டு வாசலில் போய் நின்றது. வழியில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது என்று துணி தேய்க்கிறவர் சொன்னார். அவர் எதிலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

அங்கே படிப்பவர்கள் பெண்கள், பாடம் நடத்துபவர்கள் பெண்கள், பெருக்கித் துடைப்பவர்களும் பெண்கள். துணைவேந்தராக வந்த பதினொரு பேரும் ஆண்கள். பதினோராமவர் ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகியிருந்தது. கணக்குப் பேராசிரியைக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பாடத்துக்கு மேல் தேர்வு, விடுதி, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாமே கூடுதல் பொறுப்பு. மாணவிகள் வைத்த பெயரே கூடுதலம்மா. பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தர் பேச வேண்டியதை எழுதித் தருவதும் அவர்தான். ‘பெண்களே, தலைமையேற்க வாருங்கள், நாற்காலி உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்று முடியும் அந்தப் பேச்சில் வருஷா வருஷம் தேதி மட்டும் மாறும். வந்தவர்கள் அதைத் தங்கள் நாற்காலியில் சாய்ந்தபடி உரக்கப் படித்துப் பழகினார்கள். மாணவிகள் கைதட்டிவிட்டுக் கலைந்துபோனார்கள். எழுதியவரும் நம்பவில்லை. நம்பியது நாற்காலி ஒன்றுதான்.

வாசலில் அதைக் கண்டதும் கூடுதலம்மா, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். காரணம் உண்டு. அந்தப் பதவிக்கான விண்ணப்பத்தை நான்காவது முறையாக நிரப்பி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு கெடு. முந்தைய மூன்றும் புடவைகளுக்கு அடியிலேயே மஞ்சள் பூத்துப் போயிருந்தன.

“எதுக்குடி இந்த வம்பு? முதல்ல அதைக் கொண்டுபோய் விட்டுட்டு வா” என்றார் கணவர். சொல்லிவிட்டு அதிலேயே உட்காரப் பார்த்தார். நாற்காலி ஒரு சாண் நகர்ந்துகொண்டது. தரையிலிருந்து அவரைத் தூக்கிவிட்ட அவருடைய தங்கை, “அண்ணி, நீங்க வேலைக்குப் போறீங்கன்னுதான் நினைச்சேன். இப்படி சாமானெல்லாம் பின்னாலயே வர்ற அளவுக்கு என்னத்தைப் பண்ணி வெச்சீங்க?” என்றாள்.

அன்றே கூடுதலம்மா அதைக் கொண்டுபோய் அறையில் விட்டார்; வீடு திரும்புவதற்குள் அது வாசலில் நின்றது. பல்கலைக்கழகம் ஆட்சிக் குழுவிலிருந்து ஒன்பது ஆண்களைக் கொண்ட மீட்புக் குழுவை அமைத்தது. குழு அதை மேசையோடு சேர்த்துக் கட்டிற்று. புதன்கிழமை மேசையும் கூடவே வந்தது; மேசையை மட்டும்தான் குழுவால் திரும்பத் தூக்கிப்போக முடிந்தது. அடுத்த கூட்டத்துக்குக் குறிப்பெடுக்கக் கூடுதலம்மாவையே கூப்பிட்டார்கள்; அதுவும் கூடுதல் பொறுப்பில் சேர்ந்தது. வியாழக்கிழமை நாற்காலி அவர் பின்னாலேயே காய்கறிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் போயிற்று. இரவு அவர் சாப்பிடாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நூறு நடை நடந்தார். நூறு நடையும் அது கூடவே நடந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, விண்ணப்பத்தைக் கிழித்துப் போடத்தான் பீரோவைத் திறந்தார். கிழிக்கக் கை வரவில்லை. பையில் திணித்துக்கொண்டு, நாற்காலியை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் பாதி உண்மை சொல்லி, பஸ் ஏறினார். நாற்காலியும் ஏறியது. நடத்துநர் அதை ஏற இறங்கப் பார்த்து, “இதுக்கு முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டாம்மா?” என்றார். “தெரியலையேப்பா.” “சரி, உயரம் கம்மிதான்” என்று அரை டிக்கெட் கிழித்தார்.

பல்கலைக்கழக வாசலில் கூடுதலம்மாவின் கால்கள் நின்றுவிட்டன. வகுப்பில் நின்று, தேர்வறையில் நின்று, விழா மேடையின் ஓரத்தில் நின்று, இருபத்திரண்டு வருஷமும் அந்த வளாகத்தில் நின்றே வீங்கிய கால்கள். மணி நாலு ஐம்பது. உள்ளேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. பின்னால் நாற்காலி லேசாக முழங்காலைத் தட்டியது.

உட்கார்ந்தார்.

நாற்காலி அவரைச் சுமந்துகொண்டு படியேறி, தாழ்வாரம் கடந்து, விண்ணப்பம் வாங்கும் ஜன்னலுக்கு முன்னால் நின்றது. கூடுதலம்மா விண்ணப்பத்தை எடுத்து ஜன்னலில் வைத்தார்; அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பத் தன் பையை மூடிக்கொண்டிருந்த எழுத்தர் நிமிர்ந்து, “நீங்க ஏன் போடலைன்னு நாலு தடவையா நானே கேட்கணும்னு இருந்தேன் மேடம். கையை எடுங்க, சீல் வைக்கணும்” என்றாள்.

நியமனம் இரண்டு மாதத்தில் வந்தது. கணவர் உறவுக்காரர்களிடம், நான்தான் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன் என்றார்; யாரும் மறுக்கவில்லை. கூடுதலம்மா துணைவேந்தராக இருந்த மூன்று வருஷமும் நாற்காலி ஓரிடத்தில் நிற்கவில்லை. விடுதிச் சமையலறையிலும் தண்ணீர்த் தொட்டியடியிலும் கோப்புகளில் கையெழுத்தானது. கூட்டங்களில் பெண்கள் உட்கார்ந்தார்கள். குறிப்பெடுக்கும் வேலை மீட்புக் குழுத் தலைவருக்குக் கூடுதல் பொறுப்பாகப் போயிற்று. பட்டமளிப்புப் பேச்சை மட்டும் கூடுதலம்மா மாற்றவில்லை.

அவர் ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு நாற்காலி மறுபடி கிளம்பியது. யாரும் குழு போடவில்லை. நடத்துநர் அரை டிக்கெட்டைக் கிழித்து அதன் கைப்பிடியில் செருகிவிட்டு, விடுதிக் காப்பாளரம்மாவின் வீட்டு நிறுத்தம் வந்ததும் விசில் கொடுத்தார்.