கால் மணி நேரத் துடைப்பு

என் மனைவியின் வலது மணிக்கட்டை உடைத்தது பல் டாக்டரின் கார். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எங்கள் தொழில் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இடத்தில் என் பெயரை எழுதியிருப்பார்கள்.

எங்களுடையது கார்களுக்கு ஸ்பீக்கர் மாற்றிக் கொடுக்கும் கடை. புது காரின் கதவுக்குள் கம்பெனிக்காரன் வைத்து அனுப்புவது பெரும்பாலும் ஒரு காகிதக் கூம்பும் அதன் முதுகில் ஒட்டிய சின்னக் காந்தமும்தான். அதைக் கழற்றிவிட்டு நல்லதாகப் பொருத்துவோம். கதவுத் தகரம் அதிராமல் இருக்க உள்ளே ரப்பர் தாள் ஒட்டுவோம். சீட்டுக்கு அடியில் ஆம்பிளிஃபயர். கடைசியாக லேப்டாப்பைச் சொருகி, அடித்தொண்டைச் சத்தம் எவ்வளவு, மேலே கீச்சென்று போகிற சத்தம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சரி செய்வோம். இதற்கு ட்யூனிங் என்று பெயர். கழற்றுவதும் மாட்டுவதும் மச்சினன் வேலை, பில் போடுவது மனைவி வேலை, ட்யூனிங் என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதை வேறு யாரையும் தொட விட்டதில்லை.

வட்டாரத்தில் என்னைக் 'காதுக்காரர்' என்பார்கள். கடைப் பலகையிலும் ஒரு பெரிய காது உண்டு. வரைந்த பெயிண்டர் அதை முந்திரிப் பருப்பு போல வரைந்துவிட்டதால், ஆரம்பத்தில் இரண்டு பேர் கால் கிலோ கேட்டு வந்தார்கள். அந்தப் பலகையைத் தாங்கும் இரும்புக் கம்பத்துக்கும் காரின் பம்பருக்கும் நடுவில்தான் மனைவியின் மணிக்கட்டு மாட்டியது.

அன்றைக்கு மச்சினன் விடுப்பு. மகளின் பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்று போயிருந்தான். ஸ்பீக்கர்களை முந்தின நாளே மாட்டியாயிற்று. ட்யூனிங்கை நான் முடித்து, சாவியைப் பல் டாக்டரிடம் கொடுத்தேன். அவருக்கு அவசரம். "வழியில கேட்டுக்கறேன் சார்," என்று ஏறி உட்கார்ந்தார். கார் சுவரைப் பார்த்து நின்றது, பின்பக்கமாகத்தான் தெருவுக்கு எடுக்க வேண்டும். நான் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகைக் கம்பத்தை ஒட்டி, நடுத்தெருவை நோக்கிக் கையை நீட்டி நின்றேன். போகிற வருகிற வண்டிகளெல்லாம் என் உள்ளங்கையைப் பார்த்துத்தான் ஓடுகின்றன என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவர் ரிவர்ஸ் போட்டார். அந்த ரகக் காரில் ரிவர்ஸ் போட்டால் வெளியே பீப் பீப் என்று கத்தும். காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டே பாட்டையும் போட்டார். பிறகு அவர் சொன்னது இது: "இருபது வருஷமா அடுத்தவங்க வாய்க்குள்ள டிரில் ஓட்டறேன் சார். அந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கமே வரும். இது நேரா பல்லு வேருக்குள்ள போச்சு." தூக்கிவாரிப்போட்டதில் அவர் கால் பிரேக்கிலிருந்து வழுக்கி ஆக்சிலேட்டரில் விழுந்தது. மனைவி பில் மேசையிலிருந்து பார்த்துவிட்டாள். மூன்று முறை கத்தியிருக்கிறாள். நான் சிலை போல நிற்பதைப் பார்த்து ஓடிவந்து என்னைத் தள்ளினாள். நான் தெருவில் போய் விழுந்தேன், முழங்காலில் சிராய்ப்பு. அவள் கை கம்பத்துக்கும் பம்பருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

எதிர்த்த டயர் கடைக்காரர் ஓடிவந்து என்னைத் தூக்கினார். "என்ன காதுக்காரரே, பீப் பீப்னு அந்தக் கத்து கத்துதே. என் கடைக்குள்ள டயருக்குக் காத்தடிச்சிட்டு இருந்த எனக்கே கேட்டுச்சு."

"ஏதோ சிந்தனையில இருந்துட்டேன்."

"உங்களுக்கா? அந்தப் பழக்கம் எப்போலேர்ந்து?" என்றவர், மனைவியின் கையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"நீ என்னைக் கூப்பிட்டியா?"

"லேசா."

"பீப் சத்தம் கேட்டுதா உனக்கு?"

"தெருவுல ஆயிரம் சத்தம். விடுங்க. அந்த நர்ஸ் பொண்ணு ஊசி போட்டதே தெரியல, நல்ல கை."

என் மனைவி பேச்சை மாற்றுகிற ரகம் இல்லை. ஒரு விஷயத்தைப் பிடித்தால் நான் மன்னிப்புக் கேட்கும் வரை விடாதவள். அப்படிப்பட்டவள் நர்ஸின் கையைப் புகழ்ந்தாள். இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். பேசுவதற்கு முன் இடது கையால் என் தாடையைத் தொட்டு, முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்தப் பழக்கம் எப்போது வந்தது? கொஞ்ச நாளாகவே இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் அன்பு பெருகுகிறதாக்கும் என்று நினைத்திருந்தேன்.

பல் டாக்டருக்குப் போன் போட்டேன். "என் ட்யூனிங்ல என்ன சார் தப்பு? உள்ளதைச் சொல்லுங்க."

"தப்புன்னு சொல்ல முடியாது சார். ரசனை ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி." தினம் பத்துப் பேரிடம் 'இந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேணும்' என்று முகத்துக்கு நேரே சொல்கிற மனிதர், என்னிடம் ரசனை பேசினார்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் காது சோதிக்கிற இடத்துக்குப் போனேன். சின்னஞ்சிறு அறை, சுவரெல்லாம் பஞ்சு. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் அந்தப் பெண். "சத்தம் கேட்டா அழுத்துங்க ஐயா. எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் சரி." அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

முதலில் தடித்த சத்தங்கள். எல்லாம் கேட்டன. பிறகு சத்தம் மேலே ஏற ஏற, நடுநடுவே ஒன்றும் இல்லாமல் போயிற்று. என் மூச்சு மட்டும் இரைந்தது. அப்போது அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரியின் கண்ணாடிக் கதவில் அவள் விரல் பிரதிபலிப்பதைக் கண்டேன். அவள் விரல் ஸ்விட்சில் இறங்கினால் நானும் அழுத்தினேன். இருபத்திரண்டு வருஷத் தொழில்காரன், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சைக்குச் செய்ததை இங்கேயும் செய்தேன். அங்கே மாட்டிக்கொண்டது போல இங்கேயும் மாட்டிக்கொண்டேன்.

"ஐயா, கடைசி நாலு தடவை நான் சத்தமே போடல. சும்மா விரலை மட்டும் வச்சேன்."

"அப்படியா. ஞாபகத்துல கேட்டிருக்கும் போல."

"இன்னொரு நாள் வாங்க. அந்த அலமாரிக்குத் துணி போட்டு வைக்கிறேன்."

"என் காது எப்படி இருக்கும்மா?"

"கண்ணு நல்லா இருக்கு ஐயா," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "துணைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க," என்றாள்.

திரும்பிக் கடைக்கு வந்தேன். மனைவி இடது கையால் பில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து குழந்தை கிறுக்கியது போல இருந்தது. அவள் தலைக்கு மேல் சுவரில், நான் சட்டம் போட்டு மாட்டிய கடிதம். கறுப்புக் கார் வைத்திருந்த ஒரு தலைமை ஆசிரியை போன வருஷம் எழுதியது. 'என் மறைந்த கணவர் விரும்பிய பாட்டை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போலவே கேட்டேன்' என்று இருக்கும். வருகிற வாடிக்கையாளரையெல்லாம் அதற்குக் கீழே நிறுத்திவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

பல் டாக்டரின் கார் மறுபடி ட்யூனிங்குக்கு வந்து நின்றது. பழைய கார்களில் எப்படி வைத்தோம், இதில் எங்கே பிசகினோம் என்று ஒப்பிட்டுப் பார்க்க லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு காருக்கும் ஒரு ஃபைல் சேமித்து வைப்பது வழக்கம். ட்யூனிங் முடிந்ததும் சேமித்துவிட்டு எழுந்து போய்விடுவேன், பழைய ஃபைல்களை நான் திறந்து பார்த்ததே கிடையாது. அன்றைக்குப் பார்த்தேன். 'கறுப்புக் கார்' என்று ஒன்று இருந்தது. அதற்குக் கீழேயே 'கறுப்புக் கார் துடைச்சது' என்று இன்னொன்று. 'வெள்ளை வேன்', 'வெள்ளை வேன் துடைச்சது'. 'வக்கீல் ஜீப்', 'வக்கீல் ஜீப் துடைச்சது'. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் கால் மணி நேரம்தான் வித்தியாசம்.

அந்தக் கால் மணி நேரம் எனக்குத் தெரியும். நான் ட்யூனிங் முடித்ததும் மச்சினன், "மாமா, நீங்க போய் டீ குடிங்க, நான் ஒரு துடை துடைச்சு வைக்கிறேன்," என்பான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து துடைப்பான். "துடைக்கிறியா, குளிப்பாட்டிப் பவுடர் போடறியா?" என்று டீக்கடையிலிருந்தே கேலி செய்வேன். அவனும் கையை ஆட்டிச் சிரிப்பான்.

இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். திரையில் ஒலியின் அளவு ஒரு கோடாக ஓடும். கீழ்ச்சத்தம் இடது ஓரம், மேல்சத்தம் வலது ஓரம். என் கோடு வலது ஓரத்தில் மேடாக ஏறியிருந்தது. 'துடைச்சது' கோட்டில் அந்த மேட்டை மண்வெட்டியால் வெட்டிச் சமப்படுத்தியிருந்தது. எல்லாக் காரிலும் அப்படியே. தேதி வாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அது ஒரு வரப்பு. போன வருஷம் ஒரு திட்டு. இந்த வருஷம் குன்று. எனக்குக் கேட்காததைக் கேட்க வைப்பதற்காக, நான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். பஞ்சுச் சுவர் அறையில் காப்பியடித்த அதே பரீட்சையை, இங்கே நூற்றுப் பதினேழு முறை ஒழுங்காக எழுதி, என் கையாலேயே சேமித்தும் வைத்திருக்கிறேன். இந்த இரண்டு வருஷத்தில் பல் டாக்டரின் காருக்கு மட்டும் ஒரே ஒரு ஃபைல். அன்றைக்குத் துடைக்க ஆள் இல்லை.

மாவுக்கட்டுக்குள் இருந்தது ஒரு மணிக்கட்டு. அந்த நேரம் தெருவில் என்னைத் தவிர இன்னொருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தால்? அதற்கு மேல் எண்ணிப் பார்க்க மனம் துணியவில்லை.

மச்சினனைக் கூப்பிட்டேன். பல் டாக்டரின் காரில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றினோம். அவன் டிரைவர் சீட்டில், நான் பக்கத்தில், மடியில் லேப்டாப்.

"மாப்ள, இந்த 'துடைச்சது'ன்னா என்ன?"

எட்டிப் பார்த்தான். "தூசி மாமா."

"லேப்டாப்புக்குள்ளயா?"

"இந்தத் தெருவுல எங்கதான் தூசி இல்ல?"

"டேய்."

ஸ்டீயரிங்கில் இல்லாத அழுக்கைச் சட்டை நுனியால் தேய்த்தான். "சில கஸ்டமருக்குக் கூச்சக் காது மாமா. லேசா இறக்கி வைப்பேன். அவ்வளவுதான்."

"நூத்திப் பதினேழு பேருக்கும் கூச்சக் காதா?"

"எண்ணிட்டீங்களா?"

"எண்ண மட்டும்தான் இப்ப முடியுது. உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"அக்காகிட்டயே கேளுங்களேன்."

"கேட்டேன். நர்ஸுக்கு நல்ல கைன்னு சொன்னா."

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. முன்கண்ணாடி வழியாகக் கடை தெரிந்தது. மனைவி பேனாவை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே அந்தக் கடிதம்.

"தலைமை ஆசிரியை கார்?"

அவனும் கடிதத்தைத்தான் பார்த்தான். அந்தக் கடிதத்தை ஆணி அடித்து மாட்டும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். "கொஞ்சம் இடது பக்கம் மாமா, இப்ப நேரா இருக்கு," என்று சொன்னவனும் அவன்தான். அது தனக்கு வந்த கடிதம் என்று தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறான்.

கோபப்படலாம் என்று பார்த்தேன். எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக ஒரு மனிதன் என் மானத்தை என் முதுகுக்குப் பின்னால் வண்டிக்கு வண்டி துடைத்து வைத்திருக்கிறான். அதற்கு நான் டீக்கடையிலிருந்து பவுடர் போடுகிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கேலி பேசாத, அக்காவைக் கைகாட்டாத, தூசி கீசின்னு சொல்லாத. நான் கடைசியா ஒழுங்கா முடிச்ச வண்டி எது?"

ஏசி இரைந்துகொண்டிருந்திருக்க வேண்டும், கையை நீட்டி அதை அணைத்தான். உடம்பை முழுக்க என் பக்கம் திருப்பினான். பிறகு அவன் அக்கா செய்வது போலவே, என் தாடையைத் தொட்டு முகத்தைத் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டான். ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரிய, நிதானமாகச் சொன்னான்.

"மஞ்சள் டாக்ஸி, மாமா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. அதுக்கப்புறம் ஒண்ணு கூட இல்ல. இனிமே நீங்க ட்யூன் பண்ணக் கூடாது."