பொய்த் தோட்டா

வில்மா அந்தக் கைத்துப்பாக்கியைச் சமையலறை மேசையில், சோளரொட்டிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோலத் துணியை விலக்கிக் காட்டினாள்.

"சுவிட்சர்லாந்துச் சரக்கு. தொட்டுப் பாரு கோல்பி."

எடுத்துப் பார்த்தான். உள்ளங்கைக்குள் அடங்கியது. வால்நட் மரப் பிடி, கருநீல இரும்பு. பக்கவாட்டில் ஒரு விசையைத் தட்டினால் குழலின் பின்முனை மேலே எழும்பும். அதில் தோட்டாவை வைத்து அழுத்தி மூடிவிடலாம். மற்றத் துப்பாக்கிகளைப்போல மேல்சட்டத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டியதில்லை. வில்மாவால் இழுக்கவும் முடியாது. வாதம் அவள் விரல்களை முறுக்கிப் போட்டிருந்தது. ரிவால்வரின் குதிரையையும் அவளால் அழுத்த முடியவில்லை என்பது கடையிலேயே தெரிந்துபோயிற்று.

"என்ன விலைம்மா?"

"உன் லாரியை வித்தாக்கூட வராது. அதை விடு. சுடுமா, சுடாதா, அதைச் சொல்லு."

கோல்பியின் மனைவி டெஸ்ஸா நவம்பரில் இறந்தாள். அவள் கூப்பிட்டபடியே அவள் தாய் வில்மாவை 'அம்மா' என்று கூப்பிடுவதைக் கோல்பி நிறுத்தவில்லை. குளிர்காலம் முழுக்க வில்மா பனியில் அவன் வீட்டுக்கு வண்டி ஓட்டிவந்து, அடுப்பில் பீன்ஸை ஏற்றிவிட்டு, அந்த விரல்களோடு அவன் துணிகளைத் துவைத்துப் போட்டாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. அதற்காகவே அவள் வருவதை அவன் தாங்கிக்கொண்டான்.

ஈஸ்டர் அன்று அவள் சர்ச்சில் இருந்தபோது யாரோ அவள் வீட்டுப் பின்கதவை உடைத்து உள்ளே வந்துபோயிருந்தார்கள். ஒஹாயோவில் இருக்கும் மகன் கர்ட், கென்டக்கியை விட்டுக் கிளம்பி வா என்றான். தன் கைக்கு ஒத்துவருகிற துப்பாக்கி கிடைத்தால் இங்கேயே இருப்பேன், கிடைக்காவிட்டால் வருகிறேன் என்று வில்மா பேரம் பேசினாள். தீர்ப்பு கோல்பியுடையது.

சரி என்று சொன்னால் இருப்பாள். அவள் போய்விட்டால் அந்த மலையிடுக்கில் டெஸ்ஸாவின் குரலில் பேச ஒருவரும் இல்லை.

கொல்லையில் மலைச்சரிவை ஒட்டிப் பலகை நட்டு, அதில் காகிதத் தட்டு ஒன்றை ஆணியடித்தான். தோட்டாக்கூடான மேகசினை அவனே நிரப்பினான். கோல்பியின் வீட்டில் ஒரு வழக்கம். அடுத்தவருக்குத் தோட்டா நிரப்பிக் கொடுப்பவர், சொல்லாமல் நடுவில் வெடிக்காத ஒரு பொய்த் தோட்டாவைச் செருகிவிடுவார். வெடிக்கப்போகிறது என்ற பயத்தில் கை குழலைத் தாழ்த்துகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். தாழ்த்தியவரை வருஷம் முழுக்கக் கேலி செய்வார்கள்.

வில்மா சுட்டாள். தட்டில் துளை. மறுபடியும் துளை. அடுத்து வெறும் 'டக்'. குழல் இம்மியும் அசையவில்லை.

"பாத்தியா? நீ செருகுவேன்னு தெரியும்டா. உங்கப்பனே தாழ்த்துற ஆளு. நான் அசைஞ்சேனா?"

"அசையலம்மா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"ஆனா திருடன் இன்னும் வந்துட்டிருக்கான். சுடுங்க" என்றான்.

குதிரையை மறுபடி அழுத்தினாள். டக். பக்கவிசையைத் தட்டினாள். குழல் எழும்பியது. உள்ளே பொய்த் தோட்டா இறுகி உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்து வெளியே எறியும் கொக்கி அந்தத் துப்பாக்கிக்குக் கிடையாது. நகத்தால்தான் நெம்ப வேண்டும். நெம்பினாள். விரல் வழுக்கியது. கவிழ்த்து உலுக்கினாள். விழவில்லை. கோல்பி கைகளைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டான். வந்துவிடு என்று மனசுக்குள் அந்தத் தோட்டாவிடம் கெஞ்சினான்.

"இப்ப அவன் எங்க இருக்கான்?" என்று வில்மா தலை நிமிராமலே கேட்டாள்.

"சமையலறைக்குள்ள."

அவள் காதுமூடியைக் கழற்றினாள். "நிஜத் தோட்டா இப்படிப் பண்ணாதுல்ல?"

"இந்தச் சின்னத் தோட்டால பெட்டிக்கு ஒண்ணாவது வெடிக்காமப் போகும்மா. துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான். இம்மி பிசகாம சுடுது. ஆனா வெடிக்காமப் போற அன்னிக்கு, உங்க கையால அதை எடுக்க முடியாது. இதை நம்பி இங்க இருக்காதீங்க."

வில்மா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். தட்டிலிருந்த துளைகளைப் பார்த்தாள்.

"கர்ட் என்ன சொன்னான் தெரியுமா? 'கோல்பிகிட்டப் போய்க் கேக்கறியே, அவன் உன்னை விடவே மாட்டான், நல்லாருக்குன்னுதான் சொல்லுவான்'னான். ஒரு முழுப் பன்றித்தொடை ஹாம் பந்தயம் கட்டினேன். ஜெயிச்சுட்டேன்."

"வீடு போச்சேம்மா."

"ஹாம் கெடச்சுதே." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "டெஸ்ஸா படுத்திருந்தப்ப ஆஸ்பத்திரில அத்தனை பேரும் நல்லாருக்கா, நல்லாருக்கான்னாங்க. பாஸ்டரும் அதையேதான் சொன்னாரு. உள்ளதைச் சொல்ல ஒரு நாதி இல்ல. இன்னிக்கு நீ சொன்னே. பெரிய உபகாரம்டா கண்ணு."

கோல்பி துப்பாக்கியை வாங்கி நகத்தால் நெம்பினான். தோட்டா உடனே வந்துவிட்டது. அது கையில் லேசாக இருந்தது. நவம்பருக்குப் பிறகு அவனால் ஒருவருக்கு ஏதோ கொடுக்க முடிந்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள அவள் இருந்தாளே என்று நினைத்தான்.

"சாமான் ஏத்த லாரி எப்ப வேணும்மா?"

"தோட்டத்துல பீன்ஸ் இப்பத்தான் விதைச்சிருக்கேன். காய்ச்சு முடியட்டும்."

"அதுவரைக்கும் நான் இங்கயே படுத்துக்கறேன்."

"நீ குறட்டை விடுவியாமே. டெஸ்ஸா சொல்லிருக்கா."

"அது அவதாம்மா" என்றான் கோல்பி.