ஒன்பதாம் நம்பர் எஞ்சின்கள்

திலகத்துக்கு அந்த வாரம் முழுக்கத் தலைகால் புரியவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தட்டச்சு வேலை அவளுக்கு. துரை பிழை விட்டால் துரையையே திருத்துகிறவள். அப்படிப்பட்டவள் கொழுந்துக் கணக்கில் கிலோ என்று அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் வோல்ட் என்று அடித்துவைத்தாள். ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பாவம், கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா கந்தன் கங்காணி தானா ராத்தா டவுனுக்குப் போய் அர்ஜுனனைப் பார்க்கப்போகிறார்.

அர்ஜுனன் தானா ராத்தா கடைத்தெருவில் ஒரு சீனத் தவுக்கேயின் ரேடியோ கடையில் பழுது பார்ப்பவன். அந்தச் சீன முதலாளியின் தயவில் கடை மாடியில் பலகை போட்டு, அதன்மேல் குட்டித் தண்டவாளம் பதித்து, பொம்மை ரயில் ஓட்டுகிறவன். பொம்மை என்று சொன்னால் அவனுக்கும் கோபம் வரும், திலகத்துக்கும் வரும். வரட்டும், உள்ளங்கையில் அடங்குகிற எஞ்சினை வேறு என்னவென்று சொல்வதாம். திலகத்திடமும் ஒன்று இருந்தது. பழைய துரை சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். மற்றவர்கள் நாற்காலியும் கம்பளியும் வாங்க, இவள் ஒரு பச்சை எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது ஓடவில்லை என்று ரேடியோ கடைக்குக் கொண்டுபோனாள். எஞ்சின் ஒரே நாளில் சரியாகிவிட்டது. இவள் மட்டும் ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருந்தாள், துணைக்கு அம்மா நவமணியை இழுத்துக்கொண்டு.

அங்கே ஒரு தொல்லை இருந்தது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சினை வைத்து மின்சாரம் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும், சேர்ந்தே நிற்கும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தன் எஞ்சினைக் கையில் எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இது கங்காணி காதுக்கும் எட்டியிருந்தது. அவருக்கு அர்ஜுனன்மேல் குறை ஒன்றுமில்லை. தன் மகளின் பிடிவாதம் அவருக்குத் தெரியும். அதற்கு ஈடுகொடுக்கிற ஆளா இவன் என்பதுதான் சந்தேகம். ஒரு நாள் சாப்பிடும்போது மகளிடம் சொல்லிவிட்டார்: "ஒரே தண்டவாளத்துல ரெண்டு பேரும் முட்டாம ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்."

நடக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அப்போதே தவுக்கே சிங்கப்பூரிலிருந்து டிகோடர்கள் வாங்கிவந்திருந்தார், கூடவே அவற்றை ஆட்டிவைக்க ஒரு பெட்டியும். டிகோடர் என்பது எஞ்சினில் பொருத்துகிற மின்னணுச் சில்லு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. பெட்டியில் அந்த நம்பரை அழுத்திக் குமிழைத் திருப்பினால் அந்த எஞ்சின் மட்டும் ஓடும், மற்றது அசையாது.

வந்ததில் இரண்டு வகை இருந்தன. ஒன்று மெலிசு, தபால்தலை அளவில் எஞ்சின் வயிற்றுக்குள் அழகாக உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று தடிசு, தீப்பெட்டி அளவு. அதை எஞ்சினுக்குள் வைக்க முடியாது. பின்னால் ஒரு சரக்குப் பெட்டியைக் கோத்து, அதற்குள் வைத்துக் கம்பி இழுக்க வேண்டும். அர்ஜுனன் தன் சிவப்பு எஞ்சினுக்கு மெலிசைப் பொருத்திவிட்டு இவளுக்கும் அதையே சொன்னான். எஞ்சின் எங்கே போனாலும் வாலாக ஒரு பெட்டியா, பார்க்க நன்றாகவா இருக்கும் என்றான். திலகம் ஒற்றைக் காலில் நின்றாள். பழைய மோட்டார், மேட்டில் ஏறும்போது மின்சாரத்தை மடக்மடக்கென்று குடிக்கும், மெலிசு தாங்காது என்றாள். அழகு பார்த்து எடுப்பதற்கு இதென்ன தீபாவளிச் சேலையா என்றும் கேட்டாள். இரண்டு ஞாயிறு சண்டை போட்டார்கள். அவ்வளவு சந்தோஷமான சண்டையை நவமணி தன் ஆயுசில் பார்த்ததில்லை. கடைசியில் தடிசுதான் ஜெயித்தது.

சிவப்புக்கு நான்கு, பச்சைக்கு எட்டு என்று நம்பர் வைத்தார்கள். எட்டு என்றதும் நவமணிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எட்டு சனி பகவானுடைய எண், நல்ல காரியத்துக்கு ஆகாது என்று வழியெல்லாம் புலம்பினாள். திலகம் சிரித்தாள். படித்தவள் அல்லவா, சிரிக்கத்தானே வேண்டும். ஆனால் ஞாயிறு காலையில், அர்ஜுனன் கீழே தேத்தண்ணி வாங்கப் போன நேரத்தில், கொண்டை ஊசியால் தடிசில் நம்பர் வைக்கிற குட்டிச் சுவிட்சுகளைத் தள்ளி எட்டை ஒன்பதாக்கிவிட்டாள். அப்பா வருகிற நாளில் சனியை எதற்கு வம்புக்கு இழுப்பது? அவன் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அவன் தேத்தண்ணியோடு படியேறும்போது பின்னாலேயே கங்காணியும் ஏறிவந்தார்.

பச்சை இந்தக் கோடியில், சிவப்பு அந்தக் கோடியில், முகத்துக்கு முகம். பச்சை முதலில் கிளம்பி நடுவிலிருக்கும் பக்கப் பாதையில் ஒதுங்க வேண்டும். பிறகு சிவப்பு அதைக் கடந்துபோகும். திலகம் ஒன்பதை அழுத்திக் குமிழைத் திருப்பினாள்.

பச்சை கிளம்பியது. சிவப்பும் கிளம்பியது.

அவசரக்குடுக்கை என்று அவனை முறைத்தாள். அவன் கை குமிழ் பக்கமே போகவில்லை, தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான். பதற்றத்தில் குமிழை நிறுத்துவதற்குப் பதில் இன்னும் வேகமாகத் திருப்பிவிட்டாள். பக்கப் பாதைக்கு முன்னாலேயே இரண்டும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டன. கல்யாணம் போச்சு என்றே நினைத்தாள்.

எஞ்சின்கள் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றையொன்று தள்ளின. பிறகு சிவப்பிலிருந்து சுட்ட வாடை வந்தது, மெலிசு கைவிரித்துவிட்டது. தடிசு அசரவில்லை. பச்சை எஞ்சின் சரக்குப் பெட்டி வாலோடு, சிவப்பைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு, மேடேறி, பாலம் தாண்டி, சிவப்பு புறப்பட்ட நிலையத்திலேயே கொண்டுபோய் விட்டது. அப்போதுதான் திலகத்துக்குக் குமிழை நிறுத்தத் தோன்றியது.

என்ன நடந்தது என்று கங்காணி கேட்டார். திலகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எட்டு ஆகாதுன்னு அம்மா பொலம்புனாங்கப்பா. யாருக்கும் சொல்லாம ஒன்பதா மாத்திட்டேன்."

அர்ஜுனன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். "சீன பாஷையில நாலுன்னா சாவுங்கிற மாதிரி கேக்குமாம், அது ஆகாத நம்பர்னு தவுக்கே நேத்து ஒரே பிடியா நின்னாருங்கய்யா. நானும் ஒன்பதா மாத்திட்டேன்."

கங்காணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தண்டவாளத்தை ஒருமுறை பார்த்தார். அவருடைய மீசை துடிக்க ஆரம்பித்தது. கோபம் என்று நினைத்து, மூலையில் உட்கார்ந்திருந்த நவமணி எழுந்தே விட்டாள். மனுஷர் சிரிப்பை அடக்க முடியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"கலந்து பேசாமலே ரெண்டு பேரும் ஒரே நம்பர எடுத்திருக்கீங்க. இதுக்கு மேல என்னலா பொருத்தம் பாக்கிறது?" என்றார். பிறகு அர்ஜுனன் பக்கம் திரும்பினார். "மாப்ளே, அடுத்த தடவ என் மக சொல்ற டிகோடரையே வாங்கிப் போடுங்க."