யார் வீட்டுப் பிள்ளை

ரியோவுக்கு முதுகுப்பையோடு வருகிறவர்கள் விடுதிக்குள் கால் வைத்ததும் செய்கிற முதல் காரியம், பையைப் பிரித்துக் கட்டில் முழுக்கக் கடை பரப்புவதுதான். ஜுசாரா அதைச் செய்யவில்லை. வியாழக்கிழமை காலை, உள்நாட்டுக் கோயாஸிலிருந்து இருபது மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த இடுப்பு வலியோடு, அந்தப் பெரிய பச்சைப் பையைக் கட்டில் காலோடு சேர்த்துப் பூட்டினாள். மாற்றுத்துணி, சோப்பு, பிரஷ் எல்லாம் ஒரு மருந்துக்கடை பிளாஸ்டிக் பையிலிருந்து வெளியே வந்தன. விடுதி நடத்தும் ஸுலெய்தி எத்தனையோ கிறுக்குகளைப் பார்த்தவள். அவளுக்கே இது புதிது.

"அந்தப் பெரிய பையில என்னம்மா, பொணமா?" என்று கேட்டாள்.

ஜுசாரா சிரிக்கவில்லை. "அது என்னோடது இல்ல. திருப்பிக் குடுக்கணும்" என்றாள்.

அது அவள் அக்கா மார்லூசியின் பை. வீட்டை விட்டு ரியோவுக்குப் போய்விடுவதென்று மூன்று வருடத்துக்கு முன் மார்லூசி ரகசியமாக வாங்கி, ரகசியமாக அடுக்கி, மாட்டுத்தீவன அறையில் ஒளித்து வைத்திருந்த பை. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஜுசாரா போய் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அக்கா இல்லாத வீட்டில், கோபம் வந்தால் கண்மண் தெரியாத அப்பாவோடு மாட்டிக்கொள்வோமே என்ற பயம், அவ்வளவுதான். அப்பா பையை அலமாரியில் வைத்துப் பூட்டினார், மார்லூசியை அறையில் வைத்துப் பூட்டினார். மார்லூசி கட்டிய துணியோடு ஜன்னல் வழியே போய்விட்டாள்.

போன வாரம் ஜுசாரா அப்பாவின் சாவிக்கொத்திலிருந்து அலமாரிச் சாவியைத் திருடினாள். வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஒரு வாரம் லீவு சொன்னாள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு, அப்பா பார்க்கப் பார்க்க வாசல் வழியாகவே இறங்கி வந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அக்காவின் முகத்தைப் பார்த்து, காட்டிக் கொடுத்தது நான்தான் என்று சொல்லி, இந்தப் பையைக் கையில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் திரும்பும் பஸ்.

ஆனால் மார்லூசி எங்கே இருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. கையில் இருந்த துப்பு ஒன்றுதான்: கிறிஸ்துமஸுக்கு அம்மாவின் போனுக்கு வந்த ஒரு குரல் செய்தி. நன்றாக இருக்கிறேன், ரியோவில் வேலை இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறேன், இவ்வளவுதான் செய்தி. பின்னாலே ஒரே கைதட்டல். நூறு பேர், இருநூறு பேர் விடாமல் தட்டுகிற கைதட்டல். அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தால் மணி அடிப்பதோடு சரி. அம்மா அந்தக் கைதட்டலைத் தெருவெல்லாம் போட்டுக் காட்டி, மகள் ஏதோ பெரிய நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று பெருமை பேசிக்கொண்டாள். ஜுசாராவும் நம்பினாள். கடலே பார்க்காத ஊரில் வேறு என்னத்தை நினைப்பார்கள்?

ஆகவே, உலகமெல்லாம் கடலைப் பார்க்க ரியோவுக்கு ஓடி வருகிறது, இவள் முதல் நாளைக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கழித்தாள். நகரத்தின் நடுவே நாடக அரங்கு அரங்காகப் போய், டிக்கெட் கொடுக்கிறவர்களிடமும் வாசல் காவலாளிகளிடமும் அக்காவின் போட்டோவைக் காட்டினாள். பெரிய பை முதுகிலேயே இருந்தது. எந்த நிமிஷம் அக்கா எதிரே வருவாளோ, அப்போது பை விடுதியில் கிடந்தால் என்ன ஆவது என்று எண்ணம். நின்று சாப்பிட்டாள், நடந்துகொண்டே தண்ணீர் குடித்தாள். மதியத்துக்குள் தோள்பட்டை இரண்டு பக்கமும் சிவந்து எரிந்தது. அக்காவைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் ஸுலெய்திக்குப் பொறுக்கவில்லை. ரியோவுக்கு வந்து கடலில் கால் நனைக்காத பெண் என் விடுதியில் இருக்கிறாள் என்று வெளியே தெரிந்தால் என் மானம் போகும் என்று சொல்லி, கோபகபானா கடற்கரைப் பக்கம் துரத்திவிட்டாள். பைக்கு அடியில் குனிந்தபடி ஜுசாரா மணலில் இறங்கினாள். நீந்துகிறவர்களைக் கண்காணிக்கிற நாலாம் எண் காவல் கோபுரத்தை நெருங்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அதே கைதட்டல். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். குளிர்ந்த மாத்தே தேநீர் விற்கிற ஆள் ஒருவர், தகர டிரம்களைக் கீழே வைத்துவிட்டு, அழுகிற ஒரு சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீரோரமாக நடந்தார். குடைக்கடியில் கிடந்தவர்களெல்லாம் எழுந்து நின்று தட்டினார்கள். ஏதோ வேடிக்கை என்று நினைத்து ஜுசாராவும் பல்லைக் காட்டிக்கொண்டு தட்டினாள்.

"சிரிக்காத பொண்ணே" என்றார் பக்கத்தில் நின்றவர். "புள்ள தொலைஞ்சிருக்கு."

அவர் பெயர் வால்தெசி. அந்த இடத்தில் இருபத்தைந்து வருடமாகக் குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர், தொப்பை பெருத்தவர், வாய் நீண்டவர். குழந்தை தொலைந்தால் கடற்கரை முழுக்கக் கை தட்டும், சத்தம் எங்கே போகிறதோ அங்கே குழந்தை போகிறது என்று அர்த்தம், பெற்றவள் அதைக் கேட்டு ஓடி வருவாள் என்று ஏதோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ஈரத்தலையோடு ஒருத்தி பாய்ந்து வந்து அந்தப் பெண்ணைப் பிடுங்கிக்கொண்டாள். கைதட்டல் ஒரு தடவை ஓங்கி, அடங்கியது.

ஜுசாரா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு போனை எடுத்து, அம்மாவிடமிருந்து வாங்கி வைத்திருந்த அக்காவின் செய்தியைப் போட்டுக் காட்டினாள். வால்தெசி காதில் வைத்துக் கேட்டு, கைதட்டலுக்குப் பின்னால் மாத்தே விற்கிறவரின் கூவலும் கேட்கிறது, இது நாடகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, உன் அக்கா கடற்கரையில்தான் வேலை செய்கிறாள் என்றார். எந்தக் கடற்கரை என்றுதான் சொல்ல முடியாது. லெமி கடற்கரையிலிருந்து லெப்லோன் கடற்கரை வரைக்கும் பன்னிரண்டு காவல் கோபுரம். பையை இங்கே வைத்துவிட்டுப் போய் ஒரு முங்கு போட்டுவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். இங்கே அது சகஜம். முன்பின் தெரியாதவரிடம் பையை விட்டுவிட்டுத்தான் எல்லாரும் கடலில் இறங்குகிறார்கள். ஜுசாரா வார்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுக்க நடந்தாள். ஒன்றாம் கோபுரத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை. கரி போட்ட தகரத்தில் பாலாடைக்கட்டி வாட்டுகிறவர்கள், குடைக்கம்பியில் நீச்சல் உடைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்கள், இறால் விற்கிறவர்கள், ஒருவர் மிச்சமில்லாமல் கேட்டாள். இந்த வெயிலில் வீட்டையே முதுகில் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாய் என்று பிள்ளைகள் கேலி பேசின. பெரியவர்கள் போட்டோவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். ஐந்தாம் கோபுரத்துப் பக்கம் சோளம் அவித்து விற்கிற ஒருத்தி மட்டும் போட்டோவைச் சட்டென்று திருப்பிக் கொடுத்தாள். பச்சைப் பையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு இடுக்கியால் பானைக்குள் சோளத்தைத் தேடுவதில் மும்முரமாகிவிட்டாள்.

அவளுக்குத் தெரியும். ஜுசாராவுக்கு அதில் சந்தேகமே இல்லை. தெரிந்தும் சொல்லவில்லை. ஜுசாரா கெஞ்சினாள், தங்கச்சிதான் நான் என்று சொன்னாள், ஒன்றும் நடக்கவில்லை. அன்று விடுதியில் அவளால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மாடிக்கும் கீழுக்கும் நடந்தே ஸுலெய்தியின் உயிரை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வால்தெசியின் முன்னால் போய் நின்றாள். சோளக்காரி சொல்லாததில் தப்பில்லை என்றார் வால்தெசி. வீட்டிலிருந்து ஓடி வந்தவர்கள் இந்த மணலில் ஏராளம். தேடி வருகிற அண்ணன், புருஷன், தங்கை எல்லாரும் நல்லதுக்கு வருவதில்லை. அதனால் இங்கே ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் கொடுப்பதில்லை. காட்டிக் கொடுப்பது என்ற சொல் ஜுசாராவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அண்ணே, எனக்காகக் கைதட்டுவீங்களா?" என்றாள்.

"யாரு தொலைஞ்சாங்க?"

"நான்தான்."

வால்தெசி சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கைதட்டலில் பொய் கூடாது, நாளைக்கு நிஜமாக ஒரு குழந்தை தொலைந்தால் எவனும் எழுந்து நிற்க மாட்டான் என்று கண்டிப்பாக மறுத்தார். பொய் இல்லை என்றாள் ஜுசாரா. அக்கா போன நாளிலிருந்து தனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை, சோறு இறங்கவில்லை, அந்த வீட்டில் தன்னைத் தேடுகிறவர் யாருமில்லை, இதற்குப் பெயர் தொலைந்து போனதில்லையா என்று கேட்டாள். கேட்கும்போது அழுதுவிட்டாள். நாலு நாளில் முதல் அழுகை.

வால்தெசி தலையைச் சொறிந்தார். "சரி. ஆனா ஒண்ணு. சத்தம் கேட்டும் அவ வரலேன்னா, வர இஷ்டமில்லேன்னு அர்த்தம். அப்புறம் தேடக் கூடாது. பேசாம பஸ் ஏறிடணும்."

ஜுசாரா தலையாட்டினாள்.

இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத் தோளில் தூக்க அவருக்குத் தெம்பில்லை. நாற்காலி ஏற்றி வருகிற கைவண்டியைக் காலி செய்து, அதன் மேல் அவளை உட்கார வைத்தார். பச்சைப் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மாத்தே விற்கிற ஆள் முன்னால் இழுக்க, இவர் பின்னால் தள்ள, ஈரமணலில் வண்டி ஐந்தாம் கோபுரத்தைப் பார்த்து நகர்ந்தது. வால்தெசி தட்டச் சொல்லிக் கத்தினார். முதலில் சிரிப்புதான் வந்தது. புள்ள எங்கப்பா என்று ஒருவன் கேட்டான், பால் குடி மறந்துடுச்சா என்று இன்னொருவன் கேட்டான். ஆனாலும் கடற்கரைக்காரன் கை பழகிய கை. பக்கத்தில் இருப்பவன் தட்டினால் தானும் தட்டும். குடை குடையாகச் சத்தம் பரவி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

ஜுசாராவுக்குக் காது மடல் வரைக்கும் வெட்கம். இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் கோபுரம் வந்தது. சோளப் பானை இருந்தது, சோளக்காரியும் இருந்தாள், வேறு யாரும் வரவில்லை. வண்டி அவளைத் தாண்டிப் போனது. ஆறாம் கோபுரத்தை நெருங்க நெருங்கக் குடைகள் குறைந்தன, கைகள் ஓய்ந்தன. மீன்பிடிப் படகுகள் ஏற்றி வைத்திருக்கிற இடத்தில் மணல் முடிந்துபோனது. வண்டி நின்றது.

ஜுசாரா பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வர இஷ்டமில்லை. அர்த்தம் அதுதான்.

"அழறத நிறுத்து. திரும்பிப் பாரு" என்றார் வால்தெசி.

வண்டிக்குப் பத்தடி பின்னால் மார்லூசி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் சோளக்கறை படிந்த துணி, கையில் இடுக்கி. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள், வெயிலில் கறுத்திருந்தாள். ஐந்தாம் கோபுரத்திலிருந்தே வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள், வரவும் மனமில்லாமல், திரும்பவும் மனமில்லாமல். வால்தெசி அதை எப்போதோ பார்த்துவிட்டார். அதனால்தான் வண்டியை அவ்வளவு மெதுவாகத் தள்ளினார்.

பாய்ந்து வந்து பிடுங்கிக்கொள்ளாமல் தயங்கி நிற்கிறவளிடம் தொலைந்த பிள்ளையைக் கேட்காமல் கொடுக்கிற வழக்கம் இங்கே இல்லை. வால்தெசி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது உங்க வீட்டுப் புள்ளையா?"

மார்லூசி இடுக்கியைத் திறந்து திறந்து மூடினாள்.

"அடையாளம் ஏதாவது சொன்னாத்தான் குடுப்பேன்."

மார்லூசி பையைப் பார்த்தாள். "உள்ள ரெண்டு ஜீன்ஸ் இருக்கு" என்றாள் மெதுவாக. "ஒரு நீலத் துண்டு. பல்லு உடைஞ்ச சீப்பு. அப்புறம் மஞ்சள்ல ஒரு நீச்சல் உடை, விலைச்சீட்டுகூட கிழிக்கல." கையை நீட்டினாள். "எங்க வீட்டுதுதான்யா. குடுங்க."

ஜுசாரா வண்டியிலிருந்து இறங்கினாள். மூன்று வருடமாக மனதுக்குள் ஒப்பித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"அக்கா, அப்பாகிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் உன்கிட்ட மட்டும்தானே சொல்லியிருந்தேன்."

ஜுசாரா மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். மூன்று வருடமாக அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் அவள் தூங்காமல் கிடந்தாள். தெரிந்தேதான் இருந்திருக்கிறது. மார்லூசி குனிந்து பையின் ஜிப்பை இழுத்தாள். மேலாகவே கிடந்தது அந்த மஞ்சள் உடை. எடுத்துத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு இனிமே பத்தாது. சோளம் தின்னே ஊதிட்டேன்." தங்கையின் மடியில் அதைப் போட்டாள். "நேத்து முழுக்க நீ பையத் தூக்கிட்டு அலைஞ்சதாச் சொன்னா, நான் கூட வேலை பாக்கற சோளக்காரி. கடல்ல எறங்கினியா இல்லியா?"

ஜுசாரா இல்லை என்று தலையாட்டினாள்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"நாலு."

"அப்ப நேரம் இருக்கு. போய் நனைஞ்சிட்டு வா. பைய நான் பாத்துக்கறேன்."

படகு மறைவில் அக்கா நீலத் துண்டைப் பிடித்துக்கொள்ள, ஜுசாரா உடை மாற்றினாள். தண்ணீர் அவள் நினைத்ததைவிடக் குளிராக இருந்தது, உப்புக் கரித்தது. ஒவ்வொரு அலைக்கும் திரும்பிக் கரையைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மார்லூசி பச்சைப் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாறு அலைக்குப் பிறகு ஜுசாரா திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.