வேங்கைக்குப் போன வல்லூறு மாப்பிள்ளை

“கல்யாண ஓலையை நிறுத்துங்கிறேன்! கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சுன்னா என்ன, மூணாவதை வாசிக்க நான் விட்டாத்தானே!”

பூதலூர் ரயிலடிப் பக்கம் வல்லூறு மோட்டார்ஸ் ஷோரூமில் அந்தோணிமுத்து போட்ட சத்தத்தில், ஆயில் மாற்ற வந்த ஆள் மாற்றாமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

“கத்தாதீங்க, ஊரே பாக்குது,” என்றாள் மனைவி ரோஸ்லின்.

“பாக்கட்டும்! எம் மாப்பிள்ளை எதிர்க்கடை வண்டியில குந்திக்கிட்டு டிவியில வருவான், அதையும் பாக்கத்தானே போவுது!”

விஷயம் இதுதான். மகள் ஆஷ்லினுக்கு நிச்சயம் செய்த கிளாட்சன் சூப்பர் பைக் பந்தயக்காரன். மூன்று வருஷமாக வல்லூறு கம்பெனிக்கு ஓட்டியவன். அந்தோணிமுத்து சம்பந்தம் பேசியதே அதனால்தான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. இல்லை என்று அவரும் சொன்னதில்லை. நிச்சயத்துக்கு மறுநாளே ஷோரூம் வாசலில் பன்னிரண்டு அடி பேனர் எழுந்தது. முழங்கால் தரையில் உரச வளைவில் சாய்ந்திருந்தான் கிளாட்சன். அடியில், ‘எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஓட்டும் வண்டி, இனி உங்கள் வீட்டு வண்டி’.

அந்த மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை வேங்கை கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டான். எதிர்ச்சாரியில் வேங்கை ஏஜென்சி வைத்திருக்கும் நெடுஞ்செழியன், செய்தி வந்த பேப்பரை லேமினேஷன் போட்டுக் கண்ணாடியில் ஒட்டியதோடு நிற்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் “சம்பந்தி சௌக்கியமா?” என்று எதிர்ப்பக்கம் கை காட்டி விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தோணிமுத்து கிளாட்சனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினார். “ஏன் தம்பி, எத்தனாவதா வந்தீங்க போன பந்தயத்துல?” முந்தின வாரம் வரை மாப்பிள்ளை, இப்போது தம்பி.

“பதினொண்ணு மாமா.”

“அதுக்கு முந்தி?”

“அதுவும் பதினொண்ணுதான்.”

“பதினோராவதா வர்றவனை எதுக்கு இன்னொரு கம்பெனிக்காரன் கொத்திக்கிட்டுப் போறான்?”

“ஜெயிக்கிறவனுக்கு வண்டியில என்ன கோளாறுன்னு தெரியாதுங்க மாமா. பதினோராவதா வர்றவனுக்கு அத்தனையும் அத்துப்படி. நம்ம வண்டி வளைவுல இருந்து வெளிய வரும்போது வால் ஆடுது, நீங்க விக்கிற சின்ன வண்டியும் அப்படித்தானாமே. மூணு வருஷமா சொல்றேன். ‘நீ ஒழுங்கா ஓட்டு’ங்கிறாங்க. வேங்கையில, வந்து சொல்லு, நாங்க மாத்துறோம்னாங்க.”

வால் ஆடுது என்றதும் அந்தோணிமுத்து போனைக் கவிழ்த்து வைத்தார். அந்தச் சொல் அவருக்குப் புதிதில்லை. ஷோரூமில் விற்ற சின்ன வண்டியும் அதே என்ஜினியர்கள் வரைந்ததுதான். ஆற்றங்கரைப் பாதையில் திருப்பினால் ஆடும். வெண்ணாற்றங்கரை வீரையன் வந்து முறையிட்டபோது, “தனியா போனா ஆடத்தான் செய்யும், பின்னாடி வீட்டம்மாவை ஏத்திக்கங்க” என்று வைத்தியம் சொன்னவர் இவர். பத்து நாள் கழித்து வீரையன் திரும்பி வந்து, “அகிலாண்டம் உக்காந்தா வேற தினுசா ஆடுதுங்க” என்றார். அப்போது வைத்தியத்தை உரமூட்டைக்கு மாற்றிக்கொடுத்தார்.

“இதெல்லாம் இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?” என்றார்.

“நாந்தாம்பா.”

ஆஷ்லின். சர்வீஸ் புகார் எழுதிக்கொள்வது அவள் வேலை. எந்தப் பாதை, எந்தத் திருப்பம், எத்தனை பேர், ஈரத்தரையா காய்ந்த தரையா என்று வீரையன் உட்பட நாற்பத்தாறு பேர் சொன்னதை எழுதி வைத்திருந்தாள். நீங்கள்தான் படிக்கவில்லை, கம்பெனியும் படிக்கவில்லை, அதனால் அவருக்கு அனுப்பினேன் என்றாள். பந்தய வண்டி ஆடுகிற இடமும் வீரையன் வண்டி ஆடுகிற இடமும் ஒன்று என்று கண்டுபிடித்ததே அவள்தான். அதைத்தான் வேங்கைக்காரர்கள் மேஜையில் பரப்பி வைத்து, புது வண்டிக்குப் பின்பக்கத்தை வரைந்துகொண்டிருக்கிறார்களாம்.

அதாவது, எதிரி வண்டியை உருவாக்கிக்கொடுத்தது அந்தோணிமுத்து ஷோரூம்.

“கல்யாணம் அவரோடதாம்பா, கம்பெனியோட இல்ல. நிறுத்துனீங்கன்னா நான் வேற யாருக்கும் தலை நீட்ட மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, நின்றிருந்த வண்டிக்கு ஜாப் கார்டு எழுத உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தோணிமுத்து பங்குச்சாமியார் அருள்பிரகாஷிடம் போனார்.

“கல்யாணத்துக்குத் தடை இருக்கு சாமி.”

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?”

“இல்ல.”

“ரத்த உறவா?”

“சேச்சே.”

“பொண்ணுக்கு விருப்பமில்லையா?”

“அதுதான் ரொம்ப இருக்கு. பையன் கம்பெனி மாறிட்டான் சாமி.”

சாமியார் மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்தார். “வேற மதம்னாக்கூட பிஷப் ஆண்டவருக்கு எழுதி அனுமதி வாங்கலாம். வேற கம்பெனின்னா நான் எந்த பிஷப்புக்கு எழுதறது? நாளைக்கு மூணாவது ஓலை. தடைன்னா கோயில்ல எழுந்து சொல்லுங்க, சபை கேக்கட்டும்.”

கேட்டுவிட்டுப் போகட்டும் என்ற முடிவோடுதான் வந்தார் ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி அடைமழை, கோயிலில் பாதிப் பேர் சால்வை போர்த்தியிருந்தார்கள். பூசை முடிவில் சாமியார் ஓலையை வாசித்து, “தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்” என்று வழக்கமாக ஓட்டிவிடுகிற வரியை அன்றைக்கு நிறுத்தி, நிதானமாகச் சொன்னார்.

அந்தோணிமுத்து எழுந்தார்.

இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்தினார்கள். பெண்கள் பக்கம் பார்த்தார். ஆஷ்லின் அழவில்லை, கெஞ்சவில்லை. வாரண்டி முடிந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து இலவசமாகச் செய்து கொடு என்று நிற்பவரைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். வேற யாருக்கும் தலை நீட்ட மாட்டேன் என்றவள். சொன்னால் சொன்னதுதான், அது அவருக்குத் தெரியும்.

“சொல்லுங்க அந்தோணிமுத்து,” என்றார் சாமியார்.

“ஃபேன் ஓடல சாமி.”

மழைக்காற்று சன்னல் வழியே அடித்தது. கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் போய் ஃபேனைப் போட்டார். சபை முழுக்க நடுங்கிக்கொண்டே ஆசீர்வாதம் வாங்கியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்குமுன் கல்யாணம் நடந்தது. பந்தியில் நெடுஞ்செழியன் இரண்டு தரம் பிரியாணி வாங்கினார். அந்தப் புகார்களை எழுதியது யார் என்று வேங்கைக்காரர்கள் விசாரித்து, ஆஷ்லினையும் வேலைக்கு எடுத்தார்கள், ஓசூரில் வீடு. சம்பளம் புருஷனைவிடக் கூடுதல் என்று கேள்வி. கிளாட்சன் அடுத்த வருஷம் ஒன்பதாவதாக வந்தான். வால் ஆடாத வண்டியில் இனி சொல்ல என்ன இருக்கிறது என்று அவர்களே அனுப்பிவிட, மூன்றாவது கம்பெனிக்குப் போய் மறுபடியும் பதினொன்றுக்கு வந்து சந்தோஷமாக இருக்கிறான். ஆஷ்லின் மாறவில்லை, ஓசூர் வீடும் மாறவில்லை.

மகள் பிரசவத்துக்கென்று ஓசூர் போன ரோஸ்லின் மூன்று மாதத்தில் வருவதாகச் சொன்னாள். பேரப்பிள்ளை இப்போது சோறு தின்கிறது. அந்தோணிமுத்து ஸ்டேஷன் ரோடு மெஸ்ஸில் தின்கிறார்.