தொட்டியில் விழுந்த கன்று

என் சினைப் பன்றி ஈன்றது. ஒன்பது குட்டிகள். அதில் ஆறு, பழுப்பு நிறத்தில் சுருங்கிக் காய்ந்த தோல் பொட்டலங்கள். மீதி மூன்றும் நடுங்கி நடுங்கியே செத்தன. பத்து வருஷமாகப் பன்றிச் சாணத்தில் புழங்குகிறவள் நான். அன்றைக்கு எனக்கே சோறு இறங்கவில்லை.

முதல் ரத்தப் பரிசோதனை, பன்றிகளைக் கூண்டோடு சாகடிக்கும் பன்றிக் காய்ச்சல் என்றது. அது உறுதியானால் கொட்டகையிலிருக்கும் நாற்பது உருப்படியையும் கொன்று குழியில் தள்ளிவிடுவார்கள். என் பிழைப்பும் அதே குழியில்தான். ஆனால் வந்திருந்த கால்நடை டாக்டரம்மா உடனே கையெழுத்துப் போடவில்லை.

"மாட்டுக்கு வர்ற கிருமி ஒண்ணு இருக்கு. இதுக்குச் சொந்தக்காரன் மாதிரி. அது பன்னிக்குத் தொத்தினா முதல் டெஸ்ட் ஏமாந்துடும். மாட்டுச் சமாச்சாரம் ஏதாவது இதுங்க வயித்துக்குள்ள போச்சா? போயிருந்தா சொல்லுங்க. வேற டெஸ்டுக்கு எழுதுறேன், அதுவரைக்கும் எதையும் கொல்ல வேணாம்."

பக்கத்துக் கொட்டகை என் அண்ணனுடையது. பதினான்கு கறவை மாடுகள்; நடுவில் இடுப்பளவு சுவர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. என் மாடுங்க சுத்தம்" என்று சுவருக்கு அந்தப்பக்கம் நின்றபடி பல்லைக் காட்டினான் அண்ணன். உண்மை தெரிந்தால் பால் எடுப்பதை நிறுத்திவிடுவார்களே என்ற பயம். வாய் கூசாமல் பச்சைப் பொய்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"பொய் சொல்றார் டாக்டரம்மா. ரெண்டு மாசத்துக்கு முன்னால இவரோட பசு மாசம் நிறையாமலே கன்னு வீசிடுச்சு. அழுகின கன்னு. குழி தோண்ட உடம்பு வணங்காம, நஞ்சுக்கொடியோட சேர்த்து என் பன்னித் தொட்டியில போட்டுட்டார்."

"நீயெல்லாம் கூடப்பொறந்தவளா?" என்றான் அண்ணன். இனி என் வாசலை மிதிக்க மாட்டான். மிதிக்கவே வேண்டாம். இவன் முகத்தைப் பார்த்தாலே அன்றைய நாற்றம் மூக்கில் ஏறுகிறது.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார்: "அவர் போட்டதை யார் பார்த்தது?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லாவிட்டால் அந்தக் காகிதம் நகராது.

"நான்தான். கனமா இருந்துச்சுன்னு பின்னங்காலைப் பிடிச்சுத் தூக்கிவிட்டேன்" என்றேன். "ஒரு வேளைத் தீவனம் மிச்சம்னு நெனச்சேன்."