முகமூடிக்காரியின் புருஷன்

எங்கள் முசரவாக்கத்தில் காணும் பொங்கல் சாயங்காலம் என்றால் ‘கரும்புரவி வீரன்’ நாடகம்தான். கறுப்பு முகமூடி போட்ட வீரன், ஜமீன்தார் கம்பத்தில் கட்டிப்போட்ட பெண்ணை மீட்டுப் போவான். எட்டு வருஷமாக அந்த வீரன் நான். மற்ற நாட்களில் ஷேர் ஆட்டோ ஓட்டும் மணிவண்ணன். முகமூடி போட்டால் எனக்கு அழகு கூடுகிறது என்று ஊரே சொல்லும். அது பாராட்டு இல்லை என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

இந்த வருஷம், நாடகம் எழுதுகிற சிவபாலன் கதையைக் கவிழ்த்துவிட்டான்.

“வீரன் இல்லண்ணா, வீரி. பொம்பளதான் ஆம்பளய காப்பாத்துறா.”

“வீரி யாருடா?”

“எஸ்தர் அண்ணி.”

எஸ்தர் என் மனைவி.

“அப்ப நானு?”

“கம்பத்துல நீதாண்ணா.”

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் நாளெல்லாம் சேலை விரித்துக் காட்டுகிறவள் எஸ்தர். ஒத்திகையில் மேலங்கியை ஒரு வீசு வீசினாள் பாருங்கள், விசில் பறந்தது. எட்டு வருஷமாக நான் வீசும்போது அது என் தலையில்தான் வந்து விழும். டீக்கடையில் “வீரி வூட்டுக்காரர் வர்றாருபா” என்று இடம் விட்டார்கள். என் வியர்வையில் ஊறிய முகமூடியை அவள் சோப்பு போட்டுத் துவைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. கரண்டியால் வாள் பழகியதில் அவள் தோசை கரிந்தது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நிம்மதி.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. ஜனங்கள் முன்னால் முகமூடி விலகினால் அடுத்த வருஷம் வேஷம் கைமாறும். ஊர் வழக்கம். எனக்கு முன்னால் வீரனாக இருந்த தேவேந்திரன் மேடையில் தும்மி முகமூடி விலகியதில்தான் எனக்கே அது வந்தது.

நாடகத்தன்று சிட்டிபாபு என்னைக் கம்பத்தில் கட்டினான். எட்டு வருஷமும் சேலை கட்டிக்கொண்டு என்னால் மீட்கப்பட்டவன். கதை கவிழ்ந்ததில் ஜமீன்தார் ஆகிவிட்டான். கட்டப்பட்டே பழகியவனுக்கு, ஜமீன்தார் போட வேண்டியது நுனியை இழுத்தால் அவிழ்கிற உருவு முடிச்சு என்பது தெரியாது. பிழைப்புக்கு அவன் மொபெட்டில் சேலை மூட்டை கொண்டுபோகிறவன்.

“டேய், இன்னாடா இப்படிக் கட்டிக்கினு இருக்கிற?”

“மூட்ட முடிச்சு மச்சான். வண்டி பள்ளத்துல எகிறினாலும் அவுராது,” என்றான் பெருமையாக. திரை விலகிவிட்டது.

எஸ்தர் குதித்து வந்தாள். அட்டை வாளால் ஜமீன்தாரை விரட்டினாள். கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு இன்னும் இறுகியது. மறுபடி இழுத்தாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“இன்னாய்யா இது?” என்று கிசுகிசுத்தாள்.

“மூட்ட முடிச்சு. பல்லாலதான் அவுக்கணும்.”

முகமூடியோ நெற்றியிலிருந்து தாடை வரை. பல்லை வைக்க அதைத் தூக்கியே ஆக வேண்டும். அவள் கை அதன் ஓரத்துக்குப் போனது. நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பது. கட்டிப்போட்டவனுக்கு அது ஒரு வேலையா? அடுத்த வருஷம் வேஷம் எனக்கு.

“போச்சுய்யா,” என்றாள். இரண்டு ஓட்டைக்குள்ளும் கண் நிறைந்திருந்தது.

சனியன் பிடித்த கண்.

“வீரியே!” என்று நான் கத்தினேன். “இந்தக் கம்பம் என் சீதனம்! இதோடுதான் உன்கூட வருவேன்!”

எண்ணெய் டின்னில் சிமெண்ட் ஊற்றி நட்ட கம்பம் அது. குனிந்து, முதுகால் கிளப்பி, டின் தரையில் உரச உரசத் தத்தினேன். எஸ்தருக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு கையால் டின்னைத் தூக்கினாள், மறு கையால் மேலங்கியை வீசினாள். சனம் எழுந்து நின்று “வீரி! வீரி!” என்றது. சீதனம் சுமந்தவனை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

மறைவுக்கு வந்ததும் முகமூடியைக் கழற்றி, முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள். என் முதுகில் தைலம் தேய்த்தாள்.

“சும்மா நின்னிருந்தா அடுத்த வருஷம் உனுக்குத்தானே வந்திருக்கும்?”

“அப்படியா? தோணவே இல்லியே.”

“பொய்யி. பொறாம இருக்குது உனுக்கு.”

“இருக்குது. முதுகு வலிக்குது, அதான் வெளிய தெரியல.”

சிரித்தாள். முகமூடியை நீட்டினாள். “ஒரு தபா போட்டுக்கோய்யா. யாரும் பாக்கல.”

போட்டேன். காதோரம் இறுக்கியது. தன் முகத்துக்குத் தகுந்தபடி நாடாவைப் பிடித்துத் தைத்திருந்தாள். கெட்டியான தையல். நான் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டேன்.